கசாத்தாவில் உங்களுக்கும் பங்குண்டு

பலேர்மோ வாழ் தமிழ் இளையோரே,

இந்த மடலை உங்கள் பெற்றோருக்கு எழுதவில்லை, உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் பலேர்மோவிலேயே பிறந்தவர்கள், அல்லது நடை பழகும் வயதில் அங்கு வந்து சேர்ந்தவர்கள். பள்ளியில் இத்தாலியமும் பந்தடிக்கும் தெருவில் சிசிலியப் பேச்சும் வீட்டுக்குள் தமிழுமாக வளர்ந்தவர்கள். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கவும் ஞாயிறு மாலை ஒரு கன்னோலோ தின்னவும் நீங்கள் பாஸ்திச்செரியா என்னும் இனிப்புக் கடைக்குள் நுழையாமல் இல்லை. அங்கே கண்ணாடிப் பெட்டியில் பச்சை விளிம்பும் வெள்ளைப் பாகு மேற்பூச்சுமாக, சீனியில் ஊறிய பழங்கள் சூடி வீற்றிருக்கும் கசாத்தாவையும் நன்றாக அறிவீர்கள். ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது ‘அவர்களுடைய இனிப்பு’ என்ற நினைப்பு உள்ளே எங்கோ நிற்கிறது. காசு கொடுத்து வாங்கலாம், உண்ணலாம், புகழலாம். உரிமை கொண்டாட முடியாது என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு தவறு என்று உங்களிடம் வாதாடவே இந்த மடல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெளியிலிருந்து வந்தவர்களின் கைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து செய்த இனிப்பு அது. அந்த வரிசை இன்னும் முடியவில்லை. அதில் அடுத்த இடம் உங்களுடையது.

இந்த நினைப்பு உங்களுக்குள் சும்மா முளைத்துவிடவில்லை என்பதை அறிவேன். 1992ஆம் ஆண்டின் இத்தாலியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளை, இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்திருந்தால், 18 வயது நிறைந்த பிறகுதான் தன்னைக் குடிமகனாக அறிவிக்கக் கேட்க முடியும். அதற்கும் ஓராண்டுதான் அவகாசம். வெளிநாட்டவர் குடியுரிமை கேட்கக் காத்திருக்க வேண்டிய 10 ஆண்டுகளை 5 ஆகக் குறைக்கக் கோரி 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பும், போதிய பேர் வாக்களிக்காததால் செல்லாமல் போயிற்று. வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழிக்குப் பிறப்போடு கிடைத்ததை நீங்கள் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும். தோலின் நிறத்தைப் பார்த்து எந்த நாடு என்று கேட்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். இப்படி வளரும் பிள்ளை, அந்த நகரத்தின் எதையும் தனக்கு இரவல் கிடைத்ததாகவே எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் நேற்று வந்தவர்கள். சமையலறையின் வரலாறு அவர்களைவிட மூத்தது. அது உங்கள் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

அந்தச் சாட்சியைக் கேட்க, கசாத்தா செய்யப்படும் முறையிலிருந்தே தொடங்குவோம். செம்மறிப் பாலிலிருந்து பாற்கட்டி எடுத்த பின் எஞ்சும் மோர்த்தண்ணீரை மீண்டும் சூடாக்கி, திரண்டு மேலே வருவதை அள்ளினால் அது ரிக்கோத்தா. அதை நீர் வடியவிட்டு, சீனி கலந்து, சல்லடையில் அழுத்தித் தேய்த்துக் கட்டியில்லாத களிம்பாக்குவார்கள். சிறு சொக்கலேட் துண்டுகளை அதில் சேர்ப்பார்கள். சாய்ந்த விளிம்புடைய அச்சுத் தட்டின் ஓரத்தில் பச்சை நிறப் பாதாம் பசையையும் முட்டைக் கேக்கையும் மாறி மாறி அடுக்கி, நடுவில் ரிக்கோத்தாவை நிரப்பி, மேலே மீண்டும் கேக்கால் மூடிக் குளிரவைத்து, பிறகு கவிழ்த்து எடுப்பார்கள். அதன்மேல் சீனிப் பாகு வார்த்து, சீனியில் பதப்படுத்திய தோடை, மண்டரீன், செர்ரி, வளைத்து வைத்த பூசணிக் கீற்று என்று அலங்கரிப்பார்கள். பனிக்காலமும் வசந்தமும் புல் செழிக்கும் பருவம். ஆட்டுப் பாலும் அப்போதுதான் நிறைந்தும் மணந்தும் இருக்கும். அதனால் கசாத்தா உயிர்த்த ஞாயிறுக்கு உரிய பலகாரமாயிற்று. இத்தனை பொருள்களில் சிசிலிக்கு ஆதியிலிருந்தே சொந்தமானது எது என்று கேட்டால், அந்த ஆட்டுப்பால் ரிக்கோத்தாவை உறுதியாகச் சொல்லலாம். மற்றவற்றுள் பெரும்பகுதி கப்பலேறி வந்தது.

முதலில் சீனி. 827இல் வட ஆபிரிக்காவிலிருந்து படைகள் சிசிலியின் மட்சாராவில் கரையிறங்கின. 831இல் பலேர்மோ அவர்கள் வசமாயிற்று. 1072இல் நார்மன்கள் நகரைக் கைப்பற்றும் வரை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் அது முஸ்லிம் நகரமாக இருந்தது. அந்தக் காலத்தில் வந்த வேளாண் மக்கள் கரும்பையும் கசப்புத் தோடையையும் எலுமிச்சையையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு நீர் பாய்ச்சும் முறைகளையும் கற்றுத்தந்தார்கள். பழத்தோலைச் சீனியில் ஊறவைத்துக் காப்பதும், பாதாமை அரைத்துச் சீனியோடு பிசைவதும் அரபு உலகின் இனிப்புக்கலையில் செழித்திருந்தவை. இன்னும் பின்னோக்கிப் போனால் ஒரு செய்தி கிடைக்கும். கரும்புச்சாற்றைக் காய்ச்சித் திடமான சீனியாக்கும் கலை வளர்ந்த இடம் இந்தியத் துணைக்கண்டம். அது பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போய், பிறகு மத்தியதரைக் கடலைத் தாண்டிற்று. நமது முன்னோர்தான் கசாத்தாவைத் தந்தார்கள் என்று இதை வைத்துப் பெருமை பேசச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். நான் சொல்வது சிறிய செய்திதான்: உங்கள் பெற்றோர் தெற்காசியாவிலிருந்து சிசிலிக்குப் போனதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே, அந்தப் பக்கத்துக் கைத்திறம் ஒன்று அதே திசையில் பயணம் போயிருக்கிறது.

அடுத்த சாட்சி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் இல்லை. பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் பலேர்மோவில் வளர்ந்தவர். அந்த நகரின் பேராலயத்திலேயே அடக்கமானவர். சிசிலி முஸ்லிம்களின் கிளர்ச்சியை ஒடுக்கிய அவர், 1220களிலிருந்து அவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து, இத்தாலியப் பெருநிலத்தில் உள்ள லூச்சேராவில் குடியேற்றினார். கரும்புத் தோட்டங்களையும் சீனிக் காய்ச்சலையும் அறிந்த மக்கள் தீவை விட்டுப் போனார்கள். 1239இல் அதே பேரரசர், தம் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். சீனி செய்ய நன்கு தெரிந்த இருவரைக் கிழக்கு மத்தியதரைக் கரையில் தேடிப்பிடித்துப் பலேர்மோவுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் அங்குள்ள மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லையேல் பலேர்மோவில் அந்தக் கலை எளிதில் அழிந்துவிடும் என்பது அதன் சாரம். தெரிந்தவர்களைத் துரத்திய அரசுக்கு, தெரிந்தவர்களை மீண்டும் கடல் கடந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரு நகரத்தின் இனிப்பு அதன் சுவர்களுக்குள் இல்லை, செய்யத் தெரிந்த கைகளில்தான் இருக்கிறது என்று அந்தக் கடிதம் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கைகள் எந்த மொழி பேசின, எந்தக் கடவுளைத் தொழுதன என்று அரசர் அந்த நேரத்தில் கேட்கவில்லை.

பிறகு ஸ்பெயினின் காலம். 1282க்குப் பின் அரகோன் அரச மரபும், அதன் வழியில் ஸ்பானிய அரசப் பிரதிநிதிகளும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தீவை ஆண்டார்கள். அமெரிக்கக் கண்டத்தின் கொக்கோ ஸ்பெயின் வழியாகத்தான் சிசிலியை அடைந்தது. இன்று ரிக்கோத்தாவுக்குள் கிடக்கும் அந்தச் சொக்கலேட் துண்டுகள் அட்லாந்திக்கைக் கடந்த ஒரு விதையின் வாரிசுகள். அந்த நூற்றாண்டுகளில் இனிப்புக்கலையைக் காத்து வளர்த்தவர்கள் மடத்துக் கன்னியர். மார்த்தொரானா, சாந்தா கத்தரீனா போன்ற பலேர்மோ மடங்களில், வெளியுலகைப் பார்க்க அனுமதியில்லாத பெண்கள், சுவரில் பொருத்திய சுழல்பெட்டியின் வழியே பலகாரங்களை விற்றார்கள். அவர்களுள் பலர் தம் விருப்பத்தால் மடம் புகுந்தவர்கள் அல்லர். பங்கு பிரிக்க விரும்பாத குடும்பங்கள் அனுப்பிவைத்தவர்கள். இத்தாலி ஒன்றுபட்ட பிறகு 1866ஆம் ஆண்டுச் சட்டம் மடங்களின் சொத்தைப் பறித்தது. செய்முறைகள் மெல்ல மெல்ல மடத்தை விட்டு வெளியேறி நகரத்துக் கடைகளுக்குள் வந்தன. நீங்கள் பார்க்கும் பாஸ்திச்செரியா, இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த ஒரு செல்வத்தின் இன்றைய இருப்பிடம். அதன் இன்றைய உரிமையாளர்களும் அதைப் பெற்றவர்கள்தாம்.

கடைகள் திறந்த 19ஆம் நூற்றாண்டிலும் வந்தவர்கள் வராமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் கிரவுபுண்டன் மலைப் பள்ளத்தாக்குகளில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. அங்கிருந்து இளைஞர்கள் ஐரோப்பா முழுவதும் போய் இனிப்புக் கடைகளில் உழைத்தார்கள். வெனிஸ் நகரம் 1766இல் அவர்களை வெளியேற்றியபோது வேறு நகரங்களைத் தேடிச் சிதறினார்கள். அதே பகுதியிலிருந்து வந்த காஃபிளிஷ் குடும்பம் பிற்காலத்தில் நாப்போலியிலும் பலேர்மோவிலும் கடை நடத்திற்று. சிசிலியின் ஆன்மாவையே எழுதிவிட்டதாகப் போற்றப்படும் ‘சிறுத்தை’ நாவலின் ஆசிரியர் லம்பெதூசா வழக்கமாகப் போய் அமர்ந்த கடைகளில் காஃபிளிஷும் ஒன்று. சிசிலியப் பெருமையின் பேரெழுத்தாளர், பிழைப்புத் தேடி வந்தவர்களின் மேசையில் கோப்பி குடித்திருக்கிறார். கன்னோலோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்கோத்தா நிரப்பும் அதன் குழல் ஓட்டுக்குப் பிசையும் மாவில் மர்சாலா மது ஊற்றுவது வழக்கம். அந்த மதுவை 1773இல் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கிப் பெயர் பெறச் செய்தவர் லிவர்பூலிலிருந்து வந்த ஜோன் வூட்ஹவுஸ். நீங்கள் பாஸ்திச்செரியாவில் சுட்டிக்காட்டும் பலகாரம் எதுவானாலும், அதன் ஏதோவொரு மூலையில் வெளியிலிருந்து வந்த ஒருவர் நிற்கிறார்.

உங்களில் கூர்மையானவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவீர்கள். அரபியர் படையோடு வந்தார்கள், ஸ்பானியர் மகுடத்தோடு வந்தார்கள், வூட்ஹவுஸ் முதலோடு வந்தார்; எங்கள் அம்மா அப்பா பிறர் வீட்டைத் துடைக்கவும் முதியோரைப் பார்த்துக்கொள்ளவும் வந்தார்கள், ஆண்டவர்களின் வரிசையில் எங்களை எப்படிச் சேர்ப்பது என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் படை நடத்தியவர்கள் பலகாரம் செய்யவில்லை. கரும்பு வெட்டியவனும், கொதிக்கும் கொப்பரையைக் கிளறியவனும், சுழல்பெட்டிக்குப் பின்னால் பாதாம் அரைத்த பெண்ணும், அடுப்படியிலேயே உறங்கிய மலைநாட்டுச் சிறுவனும்தான் செய்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்த அரண்மனைச் சுவரிலும் இல்லை. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பலேர்மோவின் அரபு-நார்மன் மாளிகைகளும் கோயில்களும் அரசர்களும் அதிகாரம் படைத்தோரும் கட்டுவித்தவை. கசாத்தாவோ உழைப்பாளிகளின் வழியாகவே வந்தது. உங்கள் பெற்றோர் சேரும் வரிசை அது. அவர்கள் செய்த வேலையைச் சிறுமையாக எண்ணி நீங்கள் பின்வாங்கினால், இந்த இனிப்பை உண்டாக்கியவர்களின் மரபையே மறுப்பவர்களாவீர்கள்.

இரண்டாவது தடை வீட்டிலிருந்து வரும். பிள்ளைகள் தமிழ் மறந்துபோகிறார்கள், பயித்தம் பணியாரமும் சீனி அரியதரமும் செய்யத் தெரியாமல் வளர்கிறார்கள், இந்த நிலையில் கசாத்தா கற்கச் சொல்வது எரிகிற வீட்டுக்கு விறகு கொடுப்பதாகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களின் அச்சத்தில் உண்மை உண்டு. அதற்குப் பதிலும் பலேர்மோவின் அருகிலேயே இருக்கிறது. நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் இருக்கும் ஊர் பியானா தெல்லி அல்பனேசி. துருக்கியப் படையெடுப்புக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனிய அகதிகள் 1488இல் அங்கே குடியமர்ந்தார்கள். ஐந்து நூற்றாண்டு கடந்தும் அவர்கள் வீட்டில் தம் மொழியைப் பேசுகிறார்கள். பைசாந்திய முறையில் வழிபடுகிறார்கள். திருவிழாவில் தம் பழைய உடையை உடுத்துகிறார்கள். அதே ஊரின் கன்னோலோவுக்காகத்தான் பலேர்மோ மக்கள் வண்டி கட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். கன்னோலோ செய்ததால் அவர்கள் அல்பேனியர்களாக இல்லாமல் போகவில்லை. நமது பக்கமும் பாருங்கள். இலங்கையில் நத்தார்க் காலத்து மேசையில் வைக்கும் லவ் கேக் போர்த்துக்கேயர் வழி வந்தது, தொதல் மலாய் நாடுகளின் வழி வந்தது. அவற்றை ஏற்றுக்கொண்டதால் யாரும் தன் அடையாளத்தை இழந்துவிடவில்லை. வீட்டுப் பலகாரம் மறக்கப்படுவது வேறு எதையும் கற்பதால் அல்ல; அதை யாரும் கற்றுக்கொடுக்காததால். பயித்தம் மாவை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று அம்மம்மாவிடம் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்குத்தான் ரிக்கோத்தாவின் பதமும் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவது தடை உணவு நெறி பற்றியது. அதை நான் மழுப்ப மாட்டேன். கன்னோலோவின் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதும், அதிலேயே ஓட்டைப் பொரிப்பதும் பழைய முறை. கசாத்தாவின் கேக்கில் முட்டை உண்டு. பாற்கட்டிக்குப் பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் பயன்படுவதால், அதன் மோரிலிருந்து வரும் ரிக்கோத்தாவும் கடும் சைவ நெறியில் நிற்பவர்களுக்கு ஏற்காது. உங்கள் வீட்டில் அந்த நெறி இருந்தால் அதை மீறச் சொல்ல எனக்கு உரிமையில்லை, மீறவும் வேண்டாம். அப்போதும் பாஸ்திச்செரியா உங்களுக்கு மூடிய கதவாகாது. மார்த்தொரானா பழங்கள் என்று பெயர்பெற்ற, தோடையாகவும் அத்தியாகவும் உருட்டி வண்ணம் தீட்டிய உருவங்கள் அடிப்படையில் பாதாம் மாவும் சீனியுமே. நவம்பர் 2ஆம் நாள், இறந்த முன்னோர் கொண்டுவந்த பரிசென்று சிசிலியக் குழந்தைகளுக்குக் கொடுப்பவற்றுள் அவையும் உண்டு. தேனும் சீனியும் எள்ளும் பாகாகக் காய்ச்சித் துண்டு போடும் குபாயித்தாவைத் தின்று பாருங்கள். நம் வீட்டு எள்ளுப்பாகின் உறவுக்காரர் என்று நாக்கே சொல்லிவிடும். எது உண்ணத் தகும் என்று ஒவ்வொரு பலகாரத்திலும் கேட்டு அறிவதும் கற்றலின் ஒரு பகுதி. என்ன கொழுப்பில் பொரிக்கிறீர்கள் என்று விற்பவரிடம் துணிந்து கேளுங்கள். நல்ல கைவினைஞர் அந்தக் கேள்வியை மதிப்பார்.

நான்காவது தடையே எல்லாவற்றிலும் கனமானது. நாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படக்கூடாது, அவர்கள் மருத்துவராக, வழக்கறிஞராக, பொறியியலாளராக வர வேண்டும் என்பது புலம்பெயர்ந்த ஒவ்வொரு பெற்றோரின் தவம். இனிப்புக் கடை வேலை விடியலுக்கு முன் தொடங்கும். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் ஊர் களிக்கும்போது கை ஓயாது. ஊதியமும் பெரிதல்ல. இதையெல்லாம் மறைத்து உங்களுக்கு ஆசை காட்டினால் அது நேர்மையாகாது. எல்லோரும் பலகாரம் செய்யப் போங்கள் என்றும் நான் சொல்லவில்லை. மருத்துவராகப் போகிறவர் போகட்டும், அவருக்கு என் வாழ்த்து. ஆனால் உங்களில் ஏட்டுப் படிப்பில் மனம் ஒட்டாமல், கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் நிறைவு காண்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூச்சமில்லாமல் சொல்கிறேன்: பிறர் வீட்டில் கூலிக்கு உழைப்பதும் ஒரு கலையைக் கற்று அதில் தேர்வதும் ஒன்றல்ல. சீனிப் பாகின் பதத்தைக் கண்ணால் அறிபவரை, ரிக்கோத்தாவைத் தொட்டு நீர் போதுமான அளவு வடிந்ததா என்று சொல்பவரைக் கடை எளிதில் இழக்க விரும்பாது. உணவுத்தொழில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. 29 வயது வரையுள்ளவர்களைத் தொழில் பழகுநர்களாகச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்த முறையும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பெற்றோர் பலருக்குக் கிட்டாத வாசல் இது.

எங்களை ஏற்றுக்கொள்வார்களா, தமிழன் செய்த கசாத்தாவைப் பலேர்மோக்காரர் வாங்குவாரா என்ற ஐயமும் எழும். சந்தேகப்படுபவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த நகரம் இதைவிடப் பெரிய ஒன்றை உங்களோடு ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது மோன்தே பெல்லெக்ரீனோ மலைக் குகையில் கண்டெடுத்த புனித ரொசாலியாவின் திருப்பண்டம் நோயைத் தணித்ததென்று நம்பி, பலேர்மோ மக்கள் அவரைத் தம் காவலராகக் கொண்டார்கள். அந்த மலைக்கு இன்று நம்மவர்கள், கிறித்தவர்களோடு சைவர்களும், நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். ஜூலை மாதத் திருவிழாவிலும் அவர்கள் நிற்கிறார்கள். பலேர்மோவில் அதை யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. தன் காவல் தெய்வத்தின் முன்னால் உங்களுக்கு இடம்விட்ட நகரம் தன் அடுப்படியில் இடம் மறுக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். அந்த மலையில் உங்கள் பெற்றோர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. ஏறினார்கள், மீண்டும் மீண்டும் ஏறினார்கள், ஆண்டுகள் போகப்போக அது அவர்களுடைய மலையுமாயிற்று. உரிமை பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

இதை ஏன் இப்போது சொல்ல வேண்டும்? 1239இன் கடிதத்துக்கு அடியில் இருந்த அதே அச்சத்துக்கு இன்றும் காரணம் இருப்பதால். வேலை தேடிச் சிசிலிய இளைஞர்கள் வடக்கே மிலானுக்கும், அதைத் தாண்டிப் பிற நாடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய ஆசான்களின் பிள்ளைகள் எல்லோரும் அப்பாவின் லபோரத்தோரியோவுக்குள், அதாவது கடையின் பின்புறப் பலகாரக் கூடத்துக்குள், வர விரும்புவதில்லை. இன்னொரு பக்கம் சுற்றுலாப் பயணிகள் பெருகுகிறார்கள். 2018இல் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராகத் திகழ்ந்த நகரம் அது. அவர்கள் ஒரு முறை வந்து ஒன்றைத் தின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்காக, ஆலையில் செய்த ஓடுகளை வாங்கிக் காலையிலேயே நிரப்பி அடுக்கிவிட்டால் யாரும் திரும்பி வந்து குறைசொல்லப் போவதில்லை. கன்னோலோவை வாங்குபவர் கண்முன்னே நிரப்ப வேண்டும், இல்லையேல் ஓடு நமுத்துப்போகும் என்று அறிந்தவர், ஆட்டு ரிக்கோத்தாவுக்கும் மாட்டு ரிக்கோத்தாவுக்கும் வேறுபாடு தெரிந்தவர், பருவமில்லாத மாதத்தில் வேண்டாமென்று மறுக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் ஒரு கடை நேர்மையாக இருக்கும். அத்தகைய வாடிக்கையாளர் ஊரிலேயே வாழ்பவராக இருக்க வேண்டும். நீங்கள் ஊரிலேயே வாழ்பவர்கள். விற்பவரின் பேச்சும் அறிந்தவர்கள். அந்த இனிப்பைத் தரம் கெடாமல் காக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது, ஆகவே கடமையும் இருக்கிறது.

எனவே உங்களிடம் நான் கேட்பது இது. வரும் பனிக்காலத்தில், ரிக்கோத்தா பருவம் தொடங்கியதும், தானே பலகாரம் செய்யும் ஒரு பாஸ்திச்செரியாவைத் தேடிப் போங்கள். பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கூட்டம் குறைந்த வேளை பார்த்து, இது எப்படிச் செய்யப்படுகிறது, பால் எங்கிருந்து வருகிறது, யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். பின்னால் இருக்கும் கூடத்தை ஒரு முறை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். ஒரு கடையில் மறுத்தால் இன்னொரு கடைக்குப் போங்கள். கேட்டதைத் தமிழில் எழுதிவையுங்கள். கசாத்தாவின் செய்முறையையும் அதன் வரலாற்றையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் தம்பி தங்கையருக்குச் சொல்லிக்கொடுங்கள். கைவேலையில் மனம் செல்பவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் போய், மேலங்கி கட்டி, பழகுநராகச் சேருங்கள். சேர்ந்தவுடன் ஏலக்காய் போடலாமா, தேங்காய் சேர்க்கலாமா என்று அவசரப்படாதீர்கள். முதலில் அதை இருக்கிறபடியே, ஆசான் தலையசைக்கும் வரை, திருத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள். முன்பு வந்தவர்களும் கற்ற பிறகுதான் கூட்டினார்கள். உங்கள் கை தேறிய பின் நீங்கள் அதில் எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை நானோ உங்கள் பெற்றோரோ தீர்மானிக்க முடியாது. அது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இதைக் கேட்டு வந்து நின்றால் தடுக்காதீர்கள். அந்த நகரத்தில் நீங்கள் உழைத்துக் கழித்த ஆண்டுகளுக்கு உங்கள் பிள்ளைகள் அங்கே வேரூன்றுவதைவிடப் பெரிய பயன் வேறில்லை. சான்றிதழால் மட்டும் வேர் பிடிப்பதில்லை. அந்த ஊர் தனக்குரியதென்று போற்றும் ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்களாகவும் அவர்கள் ஆக வேண்டும். இளையோரே, குடியுரிமைத் தாள் எப்போது கையில் வரும் என்று அரசு சொல்லட்டும். அதற்குப் போராடுங்கள், போராட்டத்தில் நானும் உங்கள் பக்கமே. ஆனால் கசாத்தாவைக் கற்றுக்கொள்ள 18 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை, எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதுமில்லை. இந்த உயிர்த்த ஞாயிறுக்குள் உங்களில் சிலராவது அந்தக் கூடத்துக்குள் நுழைந்து, ஒரு கசாத்தாவை அடியிலிருந்து முடி வரை கட்டிப் பழக வேண்டும். கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதையே உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களுள் ஒருவராக எண்ணி எழுதும் ஒரு தமிழ் எழுத்தாளர்